கெட்டிக்கார மேக்ரோ கைக்கு வந்தால்: தோட்டப் பட்டணத்து அலுவலகத்தில் புதிதாகச் சேர்பவர்களுக்கு

பாலிடெக்னிக்கில் டிப்ளோமா முடித்துவிட்டு மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டிலோ பீடோரிலோ வேலைக்குச் சேர்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். லாரி கான்ட்ராக்ட், செம்பனைக் (எண்ணெய்ப்பனை) குலை வாங்கும் நிலையம், தோட்டங்களுக்கு ஆள் விடும் நிறுவனம், எதுவாகவும் இருக்கட்டும். அங்கே ஓர் எக்செல் கோப்பு இருக்கும். அதற்குள் ஒரு மேக்ரோ, அதாவது பட்டனைத் தட்டினால் கணக்கையெல்லாம் தானே போடும் சின்ன நிரல், இருக்கும். "முன்னாடி இருந்த தம்பி ரொம்பக் கெட்டிக்காரன், எல்லாத்தையும் ஒரே பட்டன்ல வெச்சிட்டுப் போயிட்டான்" என்று முதலாளி பெருமையாகச் சொல்வார். அந்தத் தம்பி சிங்கப்பூர் போயிருப்பார். வாட்ஸ்அப்பில் நீல டிக் விழும், பதில் வராது.

எனக்கும் அப்படி ஒன்று வந்து சேர்ந்தது. அதோடு மல்லுக்கட்டி முடித்த பிறகு, வரிசையாக யாராவது எழுதி வைத்திருந்தால் பாதித் தூக்கமாவது மிஞ்சியிருக்குமே என்று தோன்றியது. அதனால் எழுதுகிறேன்.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். கோலாலம்பூரில் பெரிய நிறுவனம் என்றால், ஒருவர் எழுதிய கெட்டிக்காரக் கோட்டைப் (நிரலைப்) படிக்கப் பக்கத்து மேசையில் இன்னொரு கெட்டிக்காரர் இருப்பார். இங்கே இருப்பது நீங்களும், கணக்கு எழுதும் குமாஸ்தாவான கிராணியும்தான். ஆகவே கிராணியைப் பக்கத்தில் உட்கார வைத்து, எந்த எண் எங்கிருந்து வருகிறது என்று காட்ட முடியாத கோட் இந்த அலுவலகத்தில் ஓடக் கூடாது. கீழே உள்ள எல்லாப் படிகளுக்கும் இதுதான் அளவுகோல்.

1. கோட்டைத் திறக்கும் முன் தாள்களைக் கேளுங்கள்

முதல் நாளே மேக்ரோவைத் திறந்து படிக்கக் கை பரபரக்கும். வேண்டாம். முதலில் இவற்றைக் கேட்டு வாங்குங்கள்:

- கடந்த 12 மாதச் சம்பளச் சீட்டுகள். கணினியில் இருப்பவை போதாது, உண்மையில் ஆட்களிடம் கொடுத்தவற்றின் நகல் வேண்டும்.
- அதே மாதங்களுக்கு இபிஎஃப் (ஊழியர் சேமநிதி), சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு) கட்டிய பட்டியலும் ரசீதும்.
- பெரட்டுக்கு (காலையில் ஆள் கணக்கெடுக்கும் கூட்டத்துக்கு) வந்தவர்களைக் குறித்து வைத்த செக்ரோல், அதாவது வருகைப் பதிவுப் புத்தகம்.
- குலை வியாபாரம் என்றால் எடைச் சீட்டுகளும் மில்லிலிருந்து வரும் மாதக் கணக்கும்.
- மேக்ரோ பூட்டப்பட்டிருந்தால் அதன் கடவுச்சொல். கோப்பு ஒன்டிரைவிலோ கூகுள் டிரைவிலோ இருந்தால், அந்தக் கணக்கு யார் மின்னஞ்சலில் பதிந்திருக்கிறது என்ற விவரம். பல இடங்களில் அது போய்விட்ட தம்பியின் சொந்த மின்னஞ்சலாக இருக்கும். அதை முதல் வாரத்திலேயே நிறுவனத்தின் பெயருக்கு மாற்றச் சொல்லுங்கள்.

வாங்கக் கூடாததும் ஒன்று உண்டு. முதலாளி தாராள மனத்தோடு வங்கிக் கடவுச்சொல்லையும் இபிஎஃப் முதலாளி கணக்கின் கடவுச்சொல்லையும் கொடுக்க வருவார். "அது கிராணிகிட்டயே இருக்கட்டும் முதலாளி" என்று சொல்லிவிடுங்கள். பிறகு பணம் எங்காவது இடறினால் உங்கள் பெயர் அதில் இருக்கக் கூடாது.

தொழிலாளர்களின் ஐசி (அடையாள அட்டை) எண், கடப்பிதழ் எண், சம்பளம் எல்லாம் உங்கள் கையில் வருகின்றன. 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இதற்குப் பொருந்தும். இந்தக் கோப்பைக் கையாள உங்களுக்கு அனுமதி உண்டு என்று ஒரு பக்கக் கடிதம் வாங்கி வைப்பது நல்லது. முதலாளி சிரிப்பார், கையெழுத்தும் போடுவார்.

தாள்களை வாங்கும்போதே கிராணியிடம் ஒரு கேள்வி கேளுங்கள். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் கடைப்பிடிப்பதாக இருந்தால் இதைப் பிடித்துக்கொள்ளுங்கள்: "அக்கா, பிரிண்ட் எடுத்த பிறகு கையால எதையாவது திருத்துவீங்களா?" தயங்குவார். அப்புறம் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு நோட்டுப் புத்தகம் வெளியே வரும். யார் யாருக்கு மாதாமாதம் எத்தனை ரிங்கிட் கூட்டி, எத்தனை ரிங்கிட் கழித்து எழுதுகிறார் என்பது அதில் இருக்கும். மேக்ரோ எங்கெங்கே தப்பு என்று சொல்லும் முழுப் பட்டியல் அது. கோட்டை வரிக்கு வரி படித்தாலும் இவ்வளவு சீக்கிரம் இது கிடைக்காது.

2. தொடும் முன் நகல்

கோப்பை அப்படியே நகலெடுத்து, பெயரில் தேதி போட்டு, "படிக்க மட்டும்" என்று அமைத்து, இரண்டு தம்ட்ரைவில் வையுங்கள். ஒன்று அலுவலகத்தில், ஒன்று வேறு கூரையின் கீழ். மாலையில் இடி இறங்கும் ஊரில் ஒரே கணினியை நம்ப முடியாது.

கோட்டில் நடக்கும் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து வைக்கும் கிட் மென்பொருள் பழக்கம் இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். ஆனால் எக்செல் கோப்பை அப்படியே கிட்டுக்குள் போட்டால் எந்த வரி மாறியது என்று அது காட்டாது. மேக்ரோ எடிட்டரில் ஒவ்வொரு மாட்யூலையும் எக்ஸ்போர்ட் செய்தால் சாதாரண எழுத்துக் கோப்பாக வெளியே வரும். அவற்றை மட்டும் கிட்டில் வையுங்கள். கிட்ஹப் இணையதளத்தில் பிறர் பார்க்க முடியாத தனிக் கிடங்கு இலவசம். சம்பளத் தரவு உள்ள தாள்களை அங்கே ஏற்றவே ஏற்றாதீர்கள்.

இந்த இடத்தில் இரண்டு பொறிகள் உண்டு. வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ வந்த கோப்பைத் திறந்தால் மேக்ரோ தடுக்கப்பட்டது என்று சிவப்புப் பட்டை வரும். 2022 முதல் மைக்ரோசாஃப்ட் இணையத்திலிருந்து வரும் கோப்புகளின் மேக்ரோக்களை இப்படித் தடுக்கிறது. கோப்பின் மேல் வலது கிளிக் செய்து, பிராப்பர்டீஸில் அன்பிளாக் என்பதைத் தட்டினால் சரியாகிவிடும். இது தெரியாமல் ஆஃபீஸையே நீக்கி மறுபடி நிறுவியவர்கள் இருக்கிறார்கள்.

இரண்டாவது, புதுக் கணினியில் 64 பிட் ஆஃபீஸ் இருந்தால், பழைய மேக்ரோவில் விண்டோஸை நேரடியாக அழைக்கும் வரிகள் சிவப்பாகி நின்றுவிடும். அந்த டிக்ளேர் வரிகளில் பிடிஆர்சேஃப் (PtrSafe) என்ற சொல்லைச் சேர்க்க வேண்டும். சுட்டி, ஹேண்டில் போன்ற மதிப்புகளை வைத்திருந்தால் அவற்றின் வகையையும் மாற்ற வேண்டியிருக்கும்.

3. பழைய மாதத்தை மறுபடி ஓட்டிப் பாருங்கள்

இப்போதும் கோட்டைத் திருத்த வேண்டாம். நகலில் ஒரு பழைய மாதத்தின் செக்ரோலை ஏற்றி, பட்டனைத் தட்டி, வரும் தொகையை உண்மையான சம்பளச் சீட்டோடு ஒப்பிடுங்கள். ஒத்துப் போகாத ஒவ்வொரு ஆளையும் எழுதி வையுங்கள். பிறகு கிராணியின் நோட்டுப் புத்தகத்தோடு சேர்த்துப் பாருங்கள்.

மாதங்களைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் வேண்டும். சாதாரண மாதம் ஒன்று, பொது விடுமுறைகள் நிறைந்த மாதம் ஒன்று, தீபாவளி முன்பணம் கழித்த மாதம் ஒன்று, புது ஆள் நடுவில் சேர்ந்த மாதம் ஒன்று. சாதாரண மாதத்தில் எந்தக் கோட்டும் நல்ல பிள்ளையாகத்தான் இருக்கும்.

சென் கணக்கில் வரும் வித்தியாசத்தை "சரி, போகட்டும்" என்று விடாதீர்கள். 1,700 ரிங்கிட் மாதச் சம்பளக்காரரின் மணிக்கூலியைக் கண்டுபிடிக்க 26ஆல் வகுத்து, 8ஆல் வகுக்கிறோம். சாதாரண நாள் ஓவர்டைம் என்றால் ஒன்றரை மடங்கு. 40 மணி நேரத்துக்கு, கடைசியில் மட்டும் சென்னுக்கு முழுமையாக்கினால் (ரவுண்டு செய்தால்) 490.38 ரிங்கிட். ஓவர்டைம் மணிக்கூலியை முதலில் 12.26 என்று முழுமையாக்கிவிட்டுப் பெருக்கினால் 490.40. இங்கே இரண்டு சென்தான். ஆனால் நூறு பேருக்கு, பன்னிரண்டு மாதத்துக்கு, இரண்டு வேறு தாள்களில் இரண்டு விதமாக வந்தால் ஆண்டுக் கணக்கு ஒட்டவே ஒட்டாது. எது இந்த அலுவலகத்தின் வழக்கம் என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

4. கெட்டிக்காரத்தனம் ஒளிந்திருக்கும் இடங்கள்

இப்போது கோட்டைத் திறக்கலாம். நான் பார்த்தவற்றில் அடிக்கடி வரும் இடங்களைச் சொல்கிறேன்.

ஐசி எண். மலேசிய அடையாள அட்டை எண்ணில் 12 இலக்கங்கள். முதல் ஆறும் பிறந்த தேதி, கடைசி இலக்கம் ஒற்றையென்றால் ஆண், இரட்டையென்றால் பெண். இது தெரிந்த எந்த நிரலாளரும் பிறந்த தேதிக்குத் தனிக் கட்டம் வைக்க மாட்டார், ஒரே வரியில் எண்ணிலிருந்து உருவிவிடுவார். எனக்கு வந்த மேக்ரோவில், ஆண்டின் இரண்டு இலக்கம் 05 வரை இருந்தால் 2000கள், மற்றதெல்லாம் 1900கள் என்று ஒரு கணக்கு இருந்தது. எழுதிய காலத்தில் சரிதான். பிறகு 2007இல் பிறந்த பையன் ஒருவன் வேலைக்குச் சேர்ந்தான். மேக்ரோவுக்கு அவன் 1907இல் பிறந்த கிழவர். 60 வயது தாண்டிய மலேசியருக்கு இபிஎஃப்பில் தொழிலாளி பங்கு கட்டாயமில்லை, முதலாளி பங்கு 4% மட்டும். அப்படியே பிடித்துக் கட்டியது. திரையில் பிழைச் செய்தி எதுவும் வரவில்லை, பட்டன் பச்சையாகத்தான் இருந்தது. அதோடு வெளிநாட்டுத் தொழிலாளிக்கு ஐசி கிடையாது, கடப்பிதழ் எண்தான். அதில் எழுத்தும் வரும். அங்கே அந்த வரி என்ன செய்கிறது என்று தனியாகச் சோதியுங்கள். பிறந்த தேதிக்கு ஒரு கட்டம் வைத்து நான்கு இலக்க ஆண்டோடு தட்டச்சு செய்வது அலுப்பான வேலை. அந்த அலுப்பை ஏற்றுக்கொள்ளுங்கள்.

பெயரில் உள்ள சாய்கோடு. நம் ஆட்களின் பெயரில் ஏ/எல் (இன்னாரின் மகன்), ஏ/பி (இன்னாரின் மகள்) வரும். சம்பளச் சீட்டை ஆளின் பெயரிலேயே பிடிஎஃப் கோப்பாகச் சேமிக்கும் மேக்ரோ, அந்தச் சாய்கோட்டில் முட்டிக்கொண்டு நிற்கும். விண்டோஸில் கோப்புப் பெயருக்குள் அந்தக் குறி ஆகாது. முந்தைய தம்பி இதற்கு ஒரு தந்திரம் செய்திருந்தார்: சாய்கோட்டில் பெயரை உடைத்து முதல் பாதியை மட்டும் கோப்புக்குப் பெயராக வைப்பது. இரண்டு முனியாண்டிகள் ஒரே இடத்தில் வேலை செய்தால் ஒருவரின் சீட்டு மற்றவருடையதை அழித்துவிடும். தொழிலாளர் எண்ணை வைத்துச் சேமியுங்கள், பிரச்சினை தீர்ந்தது.

எடை. மேக்ரோ எழுதும் மொழியான விபிஏவில் இன்டிஜர் (முழு எண்) என்று அறிவித்த இடத்தில் 32,767க்கு மேல் எண் போகாது. எடையைக் கிலோவில் வாங்கும் மேக்ரோவில், சின்ன லாரிகள் மட்டும் வருகிற வரைக்கும் எல்லாம் நன்றாக ஓடும். பெரிய டிரெய்லர் ஒன்று எடைமேடையில் ஏறி மொத்த எடை 32,767 கிலோவைத் தாண்டும் நாளில் ஓவர்ஃப்ளோ என்று நிற்கும். வரிசை எண்ணை எண்ணுவதற்கும் அதே இன்டிஜரைப் போட்டிருந்தால், தாளில் 32,767 வரிசை தாண்டும்போது அதே கதை. லாங் என்று மாற்றினால் போதும். கோட் முழுக்கத் தேடி எல்லா இடத்திலும் மாற்றுங்கள்.

முழுமையாக்கல். எக்செல் தாளில் எழுதும் ரவுண்டும் விபிஏவுக்குள் எழுதும் ரவுண்டும் ஒன்றல்ல. 2.5ஐத் தாள் 3 ஆக்கும், விபிஏ 2 ஆக்கும். 0.125ஐ இரண்டு தசமத்துக்குக் குறைத்தால் தாளில் 0.13, விபிஏவில் 0.12. சரிபாதியில் நிற்கும் எண்ணை விபிஏ பக்கத்தில் உள்ள இரட்டை எண்ணுக்குத் தள்ளும். பைதானின் ரவுண்டும் அப்படித்தான். கொஞ்சம் கணக்கு தாளிலும் கொஞ்சம் மேக்ரோவிலும் இருக்கிற கோப்பில் இது பேய் மாதிரி அலைக்கழிக்கும். ஒரே இடத்தில், ஒரே முறையில் முழுமையாக்குங்கள்.

இபிஎஃப் சூத்திரம். இதில்தான் கெட்டிக்காரர்கள் அதிகம் மாட்டுகிறார்கள். 5,000 ரிங்கிட் வரை முதலாளி 13%, தொழிலாளி 11% என்று எல்லாருக்கும் தெரியும். அதனால் 1,710 ரிங்கிட்டுக்கு 222.30ம் 188.10ம் என்று கணக்குப் போட்டுவிடுவார்கள். இபிஎஃப் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை அப்படி இல்லை. இந்தச் சம்பள அளவில் அது 20 ரிங்கிட் படிகளாகப் போகிறது. 1,710 ரிங்கிட் விழுவது 1,700.01 முதல் 1,720 வரையிலான படியில். அந்தப் படிக்கு முதலாளி 224, தொழிலாளி 190, சென் கிடையாது. படியின் மேல் எல்லையை எடுத்து, சதவீதம் போட்டு, அடுத்த முழு ரிங்கிட்டுக்கு உயர்த்தினால் இதே எண் வரும் என்று கண்டுபிடித்து ஒரே வரியில் எழுதலாம். எழுதியிருந்தார்கள். அழகான வரிதான். கிராணியிடம் காட்டினால் தலையாட்டிவிட்டு, அட்டவணையைத் திறந்து ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பார். அப்படியென்றால் அட்டவணையையே ஒரு தாளில் போட்டு அதில் தேடச் சொல்லிவிடலாமே. கோட் நீளமாகும், தாள் பெரிதாகும், ஆனால் அவர் அச்சடித்த அட்டவணையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு விரலால் தொட்டே சரிபார்க்கலாம். அட்டவணை மாறினால் நீங்கள் இல்லாமலே மாற்றலாம்.

இது தவிர, ஏழெட்டு இஃப் ஒன்றுக்குள் ஒன்றாகப் புகுந்த சூத்திரங்களும் இருக்கும். அதைப் பிரித்து ஒவ்வொரு நிபந்தனைக்கும் ஒரு நெடுவரிசை வையுங்கள். பத்து நெடுவரிசை ஆனாலும் பரவாயில்லை.

5. எண்களைக் கோட்டிலிருந்து வெளியே எடுங்கள்

"விகிதங்கள்" என்று ஒரு தாள் திறந்து நான்கு நெடுவரிசை போடுங்கள்: எது, எவ்வளவு, எந்தத் தேதி முதல், எந்த அறிவிப்பின்படி. கோட்டுக்குள் கிடக்கும் ஒவ்வொரு எண்ணையும் இங்கே கொண்டுவாருங்கள்.

இது எவ்வளவு அவசியம் என்பதற்குச் சில ஆண்டுகளில் நடந்த மாற்றங்களைப் பாருங்கள். குறைந்தபட்சச் சம்பளம் 2022 மே 1 முதல் 1,500 ரிங்கிட். 2025 பிப்ரவரி 1 முதல் 1,700. ஐந்து பேருக்குக் குறைவாக ஆள் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் அந்த ஆண்டு ஆகஸ்டு 1 முதல். சொக்சோவின் சம்பள உச்சவரம்பு 2024 அக்டோபரில் 5,000இலிருந்து 6,000 ஆனது. வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு 2025 அக்டோபர் சம்பளத்திலிருந்து இபிஎஃப் கட்டாயமாகி, இரு தரப்பும் தலா 2% கட்டுகிறார்கள். வேலை நேரம் வாரத்துக்கு 48 மணியிலிருந்து 45 ஆனது 2023 ஜனவரி 1இல்.

சேவை வரியின் கதை இன்னும் சுவாரசியம். 2024 மார்ச் 1 முதல் 6% என்பது 8% ஆனது. ஆனால் உணவு பானம், தொலைத்தொடர்பு, வாகன நிறுத்துமிடம், சரக்குப் போக்குவரத்து போன்ற தளவாடச் சேவை ஆகியவற்றுக்கு 6% அப்படியே நின்றது. கோட்டில் ஒரே 6 இருந்த இடத்தில் இப்போது இரண்டு எண் வேண்டும். அவசரத்தில் "6ஐத் தேடி 8 ஆக மாற்று" என்று கொடுத்தால், மணிக்கூலிக்காக வகுக்கும் 26 என்பதும் 28 ஆகிவிடும். அந்த மாதம் எல்லாருடைய ஓவர்டைமும் குறையும்.

பழைய வரியை அழித்து அதன் மேல் எழுதாதீர்கள். கீழே புதிய தேதியோடு புதிய வரி சேருங்கள். நிலுவைச் சம்பளம் கணக்குப் பார்க்கவோ தொழிலாளர் இலாகா பழைய மாதத்தைக் கேட்கவோ நேர்ந்தால் அந்த மாதத்தின் விகிதம் வேண்டும். வருமான வரிக்கான பதிவேடுகளை 7 ஆண்டு வைத்திருக்க வேண்டும். அதே அளவு பழைய விகிதங்களும் இருக்கட்டும்.

6. பெயரும் குறிப்பும்

எக்ஸ், ஒய், டெம்ப்2 என்று பெயர் வைத்த மாறிகளைக் கண்டால், அது என்ன என்று தெரிந்த உடனே பெயர் மாற்றுங்கள். "நாள்கூலி", "ஓவர்டைம் மணி", "முன்பணக் கழிவு" என்று அலுவலகத்தில் எப்படிச் சொல்கிறார்களோ அப்படியே.

எந்த மொழியில் என்பது அடுத்த கேள்வி. ஆசைக்குத் தமிழில் வைக்கலாம்தான், பைதான் தமிழ்ப் பெயரை ஏற்றுக்கொள்ளும். ஆனால் உங்களுக்குப் பிறகு வருபவர் மலாய்க்காரராகவோ சீனராகவோ இருக்கலாம். கோட்டுக்குள் மலாயோ ஆங்கிலமோ வைத்துக்கொண்டு, கிராணிக்கான செயல்முறைத் தாளைத் தமிழில் எழுதுங்கள்.

குறிப்பு எழுதும்போது கோட் என்ன செய்கிறது என்று எழுத வேண்டாம், அதைக் கோட்டே சொல்லும். ஏன் அப்படி என்று எழுதுங்கள். "இந்த மண்டோரின் (கங்காணியின்) குழுவுக்கு மட்டும் மாதம் 21ஆம் தேதி தொடங்கும், முதலாளியின் பேச்சு வாக்கு" என்பது போன்ற ஒரு வரி பொன்.

கெட்டிக்காரத்தனமே கூடாது என்று நான் சொல்லவில்லை. எடைச் சீட்டுகள் பல ஆயிரம் வரிசை இருக்கும் தாளில், மேக்ரோ ஒவ்வொரு கட்டமாகப் படித்து எழுதினால் ஒரு தே தாரிக் (இழுத்து ஆற்றிய தேநீர்) குடித்துவிட்டு வரலாம். முழுப் பகுதியையும் ஒரே மூச்சில் அர்ரேயில் (நினைவகத்தில் உள்ள பட்டியலில்) ஏற்றி, உள்ளேயே கணக்குப் பார்த்து, ஒரே மூச்சில் திருப்பி எழுதினால் சட்டென்று முடியும். அது படிக்கச் சற்றுக் கடினம். வைத்துக்கொள்ளுங்கள், தனி மாட்யூலில், மேலே நான்கு வரி விளக்கத்தோடு. வேகம் தேவைப்படாத இடத்தில் அதையே செய்வதுதான் வீண் சாகசம்.

7. முழுக்க மாற்றி எழுதும் ஆசை

இரண்டாம் வாரத்தில் வரும். "இதை அப்படியே தூக்கிப் போட்டுவிட்டுப் பைதானில் புதிதாக எழுதிவிட்டால்?" என்று. நீங்கள் எழுதுவது உங்களுக்குப் பளிச்சென்று தெரியும், அடுத்தவருக்கு இன்னொரு கெட்டிக்காரத் தம்பியின் வேலையாக இருக்கும். தவிர, பழைய கோப்பில் அசிங்கமாகத் தெரியும் பல வரிகள் உண்மையான ஏதோ ஒரு தொந்தரவுக்காக எழுதப்பட்டவை. எதற்காக என்று கண்டுபிடிக்கும் முன் நீக்கினால் அந்தத் தொந்தரவு திரும்பி வரும்.

மாதம் ஒரு துண்டை மட்டும் மாற்றுங்கள். இந்த மாதம் இபிஎஃப் அட்டவணை, அடுத்த மாதம் பிறந்த தேதிக் கட்டம் என்று. மாற்றிய கோப்பையும் பழைய கோப்பையும் இரண்டு சம்பளச் சுற்றுக்குச் சேர்த்தே ஓட்டி, இரண்டிலும் ஒரே தொகை வருகிறதா, வராவிட்டால் ஏன் என்று தெரிகிறதா பாருங்கள். அதற்குப் பிறகு பழையதை ஓரங்கட்டலாம்.

8. எந்தத் தேதியில் தொடலாம்

இதை யாரும் சொல்லித் தருவதில்லை. வேலைச் சட்டப்படி சம்பளக் காலம் முடிந்து ஏழாம் நாளுக்குள் சம்பளம் கொடுத்தாக வேண்டும். இபிஎஃப், சொக்சோ, மாத வரிக் கழிவு மூன்றும் 15ஆம் தேதிக்குள். மாதக் கடைசி வாரத்தில் கிராணி செக்ரோல் ஏற்றத் தொடங்கிவிடுவார். ஆக, மேக்ரோவில் கை வைக்க உங்களுக்குக் கிடைப்பது மாதத்தில் 16 முதல் 24 வரை. மற்ற நாட்களில் என்ன யோசனை வந்தாலும் காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

தீபாவளி, நோன்புப் பெருநாள், சீனப் புத்தாண்டு வரும் மாதங்களில் அந்த இடைவெளியும் இல்லை. முன்பணம், போனஸ் என்று கூட்டம் அலைமோதும். அந்த மாதம் கோட்டைத் தொடவே வேண்டாம்.

ஒரு பிழை 5ஆம் தேதி இரவு தெரிந்தால்? கோட்டைத் திருத்தாதீர்கள். பாதிக்கப்பட்ட ஆட்களின் தொகையைக் கிராணியோடு உட்கார்ந்து கையால் சரிசெய்து, அவருடைய நோட்டுப் புத்தகத்தில் காரணத்தோடு எழுதச் சொல்லுங்கள். சம்பளம் போகட்டும். 16ஆம் தேதி நிதானமாகத் திருத்துங்கள்.

9. செலவும் முதலாளியும்

பணமாகச் செலவு அதிகமில்லை. தம்ட்ரைவ் இரண்டும் நூறு ரிங்கிட்டுக்குள் அடங்கும், கிட் இலவசம். அலுவலகக் கணினியில் இன்னும் விண்டோஸ் 10, ஆஃபீஸ் 2016 ஓடினால், இரண்டுக்கும் மைக்ரோசாஃப்டின் ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது என்று சொல்லி வையுங்கள். அதற்குப் பதில் லிப்ரேஆஃபீஸ் இலவசம்தானே என்று யாராவது சொல்வார்கள். சாதாரணத் தாளுக்குச் சரி, எக்செல் மேக்ரோ எல்லாம் அதில் அப்படியே ஓடாது.

உண்மையான செலவு உங்கள் நேரம். வேலையாளாக இல்லாமல் வெளியிலிருந்து செய்து கொடுப்பதாக இருந்தால், முதலில் வியாபாரங்களைப் பதியும் ஆணையமான எஸ்எஸ்எம்மில் பதிந்துகொள்ளுங்கள். சொந்தப் பெயரில் ஆண்டுக்கு 30 ரிங்கிட், வியாபாரப் பெயரில் 60 ரிங்கிட். பிறகு விலைக் குறிப்பை இரண்டாகப் பிரித்துக் கொடுங்கள்: படித்துப் புரிந்து அறிக்கை தர ஒரு தொகை, திருத்த ஒரு தொகை. ஒரே தொகையாகச் சொன்னால், புரிந்துகொள்ளச் செலவான நேரம் முழுக்க உங்கள் தலையில் விழும்.

"ஒரே பட்டன்தானே தம்பி, அதுக்கு இவ்வளவா?" என்பார். கோட் அழகு, எளிமை என்றெல்லாம் விளக்கிப் பயனில்லை. கிராணியின் நோட்டுப் புத்தகத்தை எடுத்துக் காட்டுங்கள். மாதாமாதம் கையால் திருத்தப் போகும் மணி நேரத்தைக் காட்டுங்கள். இபிஎஃப் குறைவாகக் கட்டியிருந்தால், தாமதக் கட்டணத்தோடு இழந்த லாப ஈவையும் முதலாளிதான் கட்ட வேண்டும் என்று சொல்லுங்கள். அதற்கு அப்புறம் விலை பேசுவது சுலபம்.

10. போகும்போது விட்டுச் செல்ல வேண்டியது

நீங்களும் ஒரு நாள் ஈப்போவுக்கோ பினாங்குக்கோ போவீர்கள். அதற்கு முன் இரண்டு பக்கத்துக்கு மிகாமல் ஒரு செயல்முறைத் தாள் எழுதுங்கள். கோப்பு எங்கே இருக்கிறது, எந்த வரிசையில் என்ன தட்ட வேண்டும், விகிதம் மாறினால் எந்தத் தாளில் வரி சேர்க்க வேண்டும், எந்த இடத்தில் நின்றால் என்ன செய்ய வேண்டும், எது இன்னும் சரியாகவில்லை. கடைசியில் சொன்னது முக்கியம். தெரிந்த குறையை மறைத்து வைத்தால் அடுத்தவர் அதைச் சம்பள இரவில்தான் கண்டுபிடிப்பார்.

எழுதியதைச் சோதிக்க, ஒரு மாதம் சம்பள வாரத்தில் விடுப்பு எடுங்கள். போனை எடுக்காதீர்கள், ஆனால் ஊரிலேயே இருங்கள். கிராணி தாளைப் பார்த்துத் தானே சம்பளம் போடட்டும். திரும்பி வந்ததும் எந்த வரியில் தடுமாறினார் என்று கேளுங்கள். அந்த வரியைத் தாளில் திருத்தினால் போதுமா, கோட்டையே எளிமையாக்க வேண்டுமா என்று பாருங்கள். பெரும்பாலும் கோட்டைத்தான் மாற்ற வேண்டியிருக்கும்.

தாளை அச்சடித்துச் சம்பளக் கோப்பின் முதல் பக்கமாகச் செருகுங்கள். மேக்ரோ கடவுச்சொல்லை உறையில் போட்டு ஒட்டி, மேலே தேதி எழுதி, முதலாளியின் இரும்புப் பெட்டியில் வைக்கச் சொல்லுங்கள். வைத்ததற்குக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.